கொழும்பு ரேடியோவில் வந்த தேசிய கீதம்

நம்ம வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முட்டிவலியில் தொடங்கும், சர்க்கரை மாத்திரைக்குப் போகும், எப்படியும் கடைசியில் கொழும்பு ரேடியோவில் வந்து நிற்கும். "அந்தக் காலத்துல கொழும்பு ரேடியோவுல..." என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு சினிமாப் பாட்டைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். நான் மட்டும் பேசாமல் இருப்பேன். "ஒங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாக்கும்" என்று போன வாரம்கூட ஒருவர் கேலி செய்தார். ஞாபகம் இல்லாமல் என்ன, நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் ஞாபகத்தில் இருப்பது சினிமாப் பாட்டு இல்லை. சொன்னால் கொஞ்சம் நீளும். குறுக்கே பேசாமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன்.

நான் பிறந்தது கொழும்பில். அப்பாவுக்கு அங்கே ஒரு சின்னப் பலசரக்குக் கடை. தூத்துக்குடியில் இருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வெங்காயமும் மிளகாயும் கருவாடும் தோணியில் ஏற்றி அனுப்புவார். அப்பா அங்கே விற்பார். இப்படி ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக இருந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. சாயந்திரம் கப்பல் ஏறினால் விடிந்ததும் கொழும்பு. கயத்தாறுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போவதைவிட அது சுலபம் என்று பெரியப்பா சொல்வார்.

பிறகு இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் போனான். போனதும் தாள் கேட்க ஆரம்பித்தார்கள். அங்கே இருப்பவன் அந்த நாட்டுக்காரன் என்று தாள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அந்த எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா வயிற்றில் பாப்பா இருந்தது, அப்பா எந்நேரமும் எரிந்து விழுந்தார், ஒருநாள் என் கவுன்களை மட்டும் ஒரு தகரப்பெட்டியில் அடுக்கினார்கள். "ரெண்டு மாசம் பெரியம்மாகிட்ட இரு, நான் பின்னாலயே வாறேன்" என்று அம்மா சொன்னாள். பக்கத்துக் கடைக்காரர் குடும்பத்தோடு என்னைக் கப்பலேற்றி விட்டார்கள்.

அப்போதெல்லாம் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; ஆட்கள் லாஞ்சு என்கிற மோட்டார் படகில் ஏறித் துறைமுகப் பாலத்துக்கு வரவேண்டும். லாஞ்சில் வரும்போது ஒரு அலை அடித்து என் கவுன் முழுக்க நனைந்துவிட்டது. பாலத்தில் நின்ற பெரியப்பாவை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அப்பாவின் முகம்தான், கொஞ்சம் வயதானது. பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழப்பிடாது மக்கா. பெரியம்மா பணியாரம் சுட்டு வச்சிருக்கா" என்றார். சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்தார். பெட்டியைப் பின்னால் கட்டினார். வழியெல்லாம் உப்பும் கருவாடும் கலந்த காற்று. அந்த வாசம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அதே வாசம் வந்தால் பசிக்கிறது, அது வேறு விஷயம்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. நல்லவள். நல்லவர்கள் செய்கிற தப்பைத்தான் அவளும் செய்தாள். தாயைப் பிரிந்து வந்த பிள்ளையிடம் தாயின் பேச்சை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஏங்கிப்போய்க் காய்ச்சலில் விழும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களையும் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுவாள். யாராவது மறதியாக என் தாடையைப் பிடித்து, "அப்படியே அவ அம்மா முகம்..." என்று ஆரம்பித்தால், "ஏளா, காப்பி ஆறுது பாரு, குடி" என்று வெட்டிவிடுவாள். நான் என்ன நினைத்தேன்? இந்த ஊரில் என் அம்மாவை எல்லாரும் மறந்துபோனார்கள் என்று நினைத்தேன். நானும் மறந்துவிட்டால் அம்மா என்று ஒருத்தியே இல்லாமல் போய்விடுவாள் என்று பயம் வந்துவிட்டது. அதனால் குளிக்கும்போதும் தலைசீவும்போதும் அம்மாவின் சேலைகளை நிறம் நிறமாக நினைத்துப் பார்த்துக்கொள்வேன். மாம்பழக் கலர், வெங்காயக் கலர், ஓரம் கிழிந்த பச்சை.

என் கண்ணீருக்குப் பெரியம்மாவிடம் இருந்த ஒரே மருந்து தின்பண்டம். கருப்பட்டிப் பணியாரம், எள்ளுருண்டை, சாளை மீன் பொரித்தது. தட்டு நிறைய வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காக விழுங்குவேன்.

கப்பல் வரும் நாட்களில் பெரியப்பா சரக்கு விஷயமாகத் துறைமுகத்துக்குப் போவார். என்னையும் சைக்கிளில் கூட்டிப்போவார். லாஞ்சு வந்து சேரும். பெட்டிகள் இறங்கும், குடைகள் இறங்கும், பெண்கள் இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை நிற்போம். "இந்தக் கப்பல்ல இல்ல போல. அடுத்த கப்பல்ல வருவா" என்பார் பெரியப்பா. திரும்பும் வழியில் மிட்டாய் வாங்கித் தருவார். பெரியம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள ஒப்பந்தம்.

பள்ளிக்கூடத்தில் வேறு விதமான தனிமை. அம்மா வாங்கித்தந்த வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முதல் நாள் போனேன். வகுப்பில் ஒரு பிள்ளை காலில்கூடச் செருப்பு இல்லை. "இது என்னதுளா?" என்று ஒருத்தி கேட்டாள். "சப்பாத்து" என்றேன். வகுப்பே சிரித்தது. "என்னோட ஏன் கதைக்க மாட்டேங்கிறீங்க?" என்று நான் கேட்டதற்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. அதோடு 'கதை' என்பதே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறப்பதையே விட்டேன்.

காலையில் வாத்தியார் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு பாட்டுப் பாடுவார். வார்த்தை ஒன்றும் புரியாது. அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, மார்கழி பஜனை போல இழுத்து இழுத்துப் பாடுவார். பிள்ளைகள் பின்னாலேயே இழுப்பார்கள். ஏதோ சாமி பாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுதான் நம் நாட்டின் தேசிய கீதம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

கொழும்புப் பள்ளியில் எங்களுக்கும் காலையில் ஒரு பாட்டு உண்டு. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாட்டின் பாட்டு. எங்கள் பள்ளியில் தமிழ் வார்த்தைகளில் பாடுவோம். மதிலுக்கு அந்தப் பக்கம் சிங்களப் பள்ளியில் சிங்கள வார்த்தைகளில் பாடுவார்கள். மெட்டு ஒன்றே. சில நாள் இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடும். அப்போது எது யாருடைய குரல் என்று பிரித்தே சொல்ல முடியாது. ஒரே பாட்டு, அவரவர் வார்த்தை. நாட்டுப் பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று என் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பாட்டு தொடங்கினால் எங்கே இருந்தாலும் எழுந்து நேராக நிற்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம்தான் வெகுநாளைக்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கப்போகிறது என்று சர்க்கார் அறிவித்தது. கடலடியில் சிப்பி முற்றிவிட்டதாம். ஊரே பரபரப்பானது. குளிக்கிற ஆட்கள் உடம்பைத் தேற்றினார்கள், தோணிகளுக்கு எண்ணெய் பூசினார்கள். கடலோரத்தில் விழா, மெட்ராஸிலிருந்து பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள், கொடி ஏற்றித் தேசிய கீதம் வாசித்த பிறகுதான் தோணிகள் புறப்படும் என்று ஏற்பாடு. இந்த மாதிரி விழாவுக்கு வழக்கமாகப் பாளையங்கோட்டையிலிருந்து போலீஸ் பேண்டு வரும். அந்த முறை அவர்களுக்கு வேறு எங்கோ வேலை. கடைசியில் கடற்கரை மாதா கோயிலில் திருநாளுக்கு வாசிக்கும் பேண்டுக்கு உத்தரவு வந்தது.

அந்த பேண்டுக்காரர்கள் எல்லாம் கடல்தொழில் செய்கிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது மாதா பாட்டு, சவ ஊர்வலப் பாட்டு, வெள்ளைக்கார ராஜாவின் பழைய பாட்டு. புதுத் தேசிய கீதத்தை அவர்கள் வாசித்ததே இல்லை. பேண்டு மாஸ்டர் எங்கள் வாத்தியாரிடம் போய்ப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வந்து பெரியப்பாவிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, வாத்தியார் பாடுதது பஜனை மாதிரி இருக்கு. அதுக்கு டிரம் அடிக்க முடியாது. சர்க்கார் மெட்டு ரேடியோவுலதான் வரும். ஒங்க வீட்டு ரேடியோவ கொஞ்சம் கேக்கணும்."

எங்கள் தெருவில் ரேடியோ வைத்திருந்தது பெரியப்பா மட்டும்தான். பச்சைக் கண் வைத்த பெரிய மரப்பெட்டி. குமிழைத் திருகினால் சூடேறி, தூசி கருகும் வாசம் வந்து, பிறகுதான் பேசும். திருச்சியைப் பிடித்தால் கடுகு வெடிப்பதுதான் கேட்கும். கொழும்போ பக்கத்து அறையில் இருந்து பேசுவது போலக் கேட்கும். அதனால் எங்கள் வீட்டில் முள் எப்போதும் கொழும்பிலேயே நிற்கும். நல்ல தமிழில் பேசுகிறார்கள், நம் சினிமாப் பாட்டு போடுகிறார்கள், கேட்பதெல்லாம் நம் ஊர் ஆட்கள். அதை வெளிநாட்டு ரேடியோ என்று தூத்துக்குடியில் ஒருவரும் நினைத்ததில்லை. நம்ம ரேடியோ. இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாஸ்டரை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

காலை நிகழ்ச்சி முடிகிற நேரத்துக்கு மாஸ்டர் வந்தார். குண்டு மனிதர், ஊதி ஊதித் தொளதொளத்த கன்னம், பழைய வேட்டித் துணியில் சுற்றிய கிளாரினெட். மூக்குப்பொடி வாசம் அவருக்கு முன்னால் வந்தது. "சர்வேசுரா" என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். நான் மூலையில் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து, "ஒன் சப்பாத்தா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஊருக்கு வந்த பிறகு அந்த வார்த்தையைச் சிரிக்காமல் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"எங்க வீட்டுலயும் சப்பாத்துன்னுதாம் சொல்லுவோம். பறங்கி விட்டுட்டுப் போன வார்த்த" என்றார்.

அப்போது ரேடியோவில், "இப்பொழுது தேசிய கீதம்" என்று ஒரு பெண்குரல் தெளிவான தமிழில் சொன்னது. வாத்தியங்கள் எழுந்தன. என் பள்ளிக்கூடத்துப் பாட்டு.

நான் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நேராக நின்றேன். யோசித்து நிற்கவில்லை, கால்கள் நின்றன. மாஸ்டர் என்னையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் கையை ஊன்றி எழுந்தார்.

"பாத்தியளா அண்ணாச்சி, பச்சப் பிள்ளைக்குத் தெரியுது. நாம குத்தவச்சிருக்கோம்" என்றார். பெரியப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுக்களை வாசலில் பெரியம்மா கரண்டியோடு நின்றாள். பாட்டு முடியும்வரை நாலு பேரும் ரேடியோவுக்கு முன்னால் அசையாமல் நின்றோம்.

என் மனதில் ஓடிய கணக்கை இப்போது சொன்னால் சிரிப்பு வரும். இங்கேயும் இதே பாட்டா? அப்படியென்றால் இதுவும் அதே இடம்தான். அங்கே தமிழிலும் சிங்களத்திலும் பாடுகிற மாதிரி இங்கே இவர்களுக்கு இன்னொரு வார்த்தை இருக்கும். நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். அம்மா அடுத்த தெருவில் இருக்கிற மாதிரிதான். சும்மா எழுந்து வரவேண்டியதுதானே. நிச்சயம் வருவாள். கொழும்பை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் நானாகக் கேட்டு ஒரு பணியாரம் தின்றேன்.

மாஸ்டர் தினமும் வந்தார். பாட்டைக் கேட்பார், கிளாரினெட்டில் துண்டு துண்டாகப் பிடிப்பார். எங்காவது தட்டினால் என்னைப் பார்ப்பார். சரி என்றால் தலையை ஆட்டுவேன். சாயந்திரம் கோயில் முற்றத்தில் பேண்டு பழகும். பெரியப்பா என்னைக் கூட்டிப்போவார். முதல் வாரம் டிரம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். பிறகு பிடிபட்டது. சுற்றி நின்ற பெண்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வலை பின்னுகிறவன் பாடினான், உப்புவண்டிக்காரன் சீட்டி அடித்தான். எங்கள் பெரியம்மாகூட ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே அதைத்தான் இழுத்தாள். முத்துக்குளிப்புக்கு முந்தைய நாட்களில் தூத்துக்குடிக் கடற்கரை முழுக்க சிலோன் நாட்டின் தேசிய கீதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சரித்திரப் புத்தகத்தில் இதெல்லாம் வராது.

ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. எங்கள் வாத்தியார் ஒருநாள் முற்றத்துக்கு வந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"மாஸ்டர், எனக்கு என்னமோ இது அந்தப் பாட்டு இல்லன்னு தோணுது."

"ஐயா அந்தப் பாட்ட எங்க படிச்சிய?"

"மதுரையில ஒரு மாநாட்டுல கேட்டேன்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்."

"நான் தெனமும் ரேடியோவுல கேக்கேன். ரேடியோ பொய் சொல்லுமா ஐயா?"

வாத்தியார் தாடையைத் தடவினார். "நான்தான் தப்பாப் பிடிச்சிட்டேன் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது.

நான் அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டேன். பள்ளியில் சிரித்தாலும் அழவில்லை. பெரியம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம், "பிள்ளை தேறிட்டு. அம்மாவ மறந்துட்டா" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள். மறப்பதாவது. அம்மா கிட்டே வந்துவிட்டாள் என்றல்லவா நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

விழா நாளில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கடற்கரை முழுக்கத் தலைகள். தோணிகள் கொடி கட்டி வரிசையாக நின்றன. மாதா கோயில் சாமியார் வந்து தண்ணீரைத் தெளித்து மந்திரித்தார். வெள்ளைக் கால்சட்டை போட்ட ஆபீசர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். மாஸ்டர் இரவல் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் என்னைக் கண்டதும் புருவத்தை மட்டும் தூக்கிச் சிரித்தார்.

கொடி ஏறியது. எல்லாரும் எழுந்தார்கள். பேண்டு தொடங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக அந்தப் பாட்டை நான் கொழும்பில்கூடக் கேட்டதில்லை. கடல்காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. ஜனங்களும் வாய்க்குள் கூடவே முணுமுணுத்தார்கள். ஆபீசர்களில் நடுவில் நின்றவர் முதலில் நெற்றியைச் சுருக்கினார். பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் முத்துக்குளிப்பு விஷயமாகக் கொழும்புக்குப் போய் வந்தவராம், பின்னால் சொன்னார்கள். பிறகு கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இது சிலோன் பாட்டு. வேற நாட்டுப் பாட்டு."

கிளாரினெட் நின்றது. எக்காளம் நின்றது. டிரம் அடிக்கிறவன் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றான்.

பாட்டு பாதியில் இருந்தது. பாதியில் நிறுத்தக் கூடாது. நான் விட்ட இடத்திலிருந்து பாடினேன், கொழும்பில் பாடுகிற தமிழ் வார்த்தைகளில். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. இரண்டு வரி பாடியிருப்பேன். பெரியப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது.

வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் இழுக்கிற அதே பாட்டை அதே பஜனை இழுப்போடு தனியாகப் பாடினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஆபீசர்கள் நேராக நின்றார்கள். அப்போதுதான் அது சாமி பாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என்னைத் தவிர எல்லாப் பிள்ளைகளுக்கும் அது என்ன பாட்டு என்று தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்த மாதிரி நான் வேறு எங்கேயும் தனியாக நின்றதில்லை. பாட்டு முடிந்தது, தோணிகள் புறப்பட்டன.

அன்று சாயந்திரம் கடையில் பெரியப்பா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"பெரியப்பா, கொழும்பு வேற நாடா?"

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஆமா மக்கா."

"எப்பம் இருந்து?"

"வெள்ளைக்காரன் இருக்கும்போது தெரியல. இப்பம் தெரியுது."

"அப்பம் அம்மா?"

"அம்மா அங்கன தாளுக்கு எழுதிப் போட்டிருக்கா. அது கெடைக்கிறதுக்குள்ள இங்கன வந்தா, திரும்ப உள்ள விடமாட்டாவ. கடை போயிரும். அப்பா தம்பி எல்லாம் அங்கன."

தம்பி பிறந்திருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அடுத்த கப்பல்ல?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "வரமாட்டா மக்கா."

பெரியம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "பிள்ளைகிட்ட ஏன் சொன்னிய? நல்லாத்தானே இருந்தா" என்று அழுதாள்.

"எத்தன கப்பலுக்குளா நான் பொய் சொல்ல?" என்றார் பெரியப்பா.

நான் அழுதேன். நன்றாக அழுதேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: அந்த வீட்டில் அன்றைக்குத்தான் மூன்று பேரும் சேர்ந்து அம்மாவைப் பற்றிப் பேசினோம். அம்மா கல்யாணமாகி வந்தபோது எப்படி இருந்தாள், என்ன சேலை கட்டியிருந்தாள் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு காய்ச்சலும் வந்திருக்காது.

மாஸ்டரை அதன்பிறகு எல்லாரும் 'சிலோன் பேண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். முத்தெடுக்கக் குவித்து அழுகவிட்ட சிப்பியின் நாற்றம் ஊரையே தூக்கிக்கொண்டிருந்த நாளில் ஒருமுறை தெருவில் என்னைக் கண்டு நின்றார்.

"அது அங்கத்தப் பாட்டுன்னு ஒனக்குத் தெரியுமா ஏளா?"

"எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாம் நெனச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு நிம்மதி.

வெகு காலம் கழித்து ஒரு செய்தி கேள்விப்பட்டேன். அந்தச் சிலோன் பாட்டைக் கட்டியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராம். தன் பள்ளிப் பிள்ளைகள் பாடுவதற்காகத்தான் கட்டினாராம். பின்னால் நாடு அதை எடுத்துக்கொண்டதாம். அவர் பாட்டுப் படிக்கப் போனது வங்காளத்துக்கு, நம் தேசிய கீதத்தை எழுதிய கவிஞர் நடத்திய பள்ளிக்கே. ஆக, இரண்டு பாட்டுக்கும் ஒரு முற்றத்தில் உறவு இருக்கிறது. எட்டு வயதில் நான் போட்ட கணக்கு முழுக்கத் தப்பில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாஸ்டர் அதற்குள் செத்துப்போயிருந்தார். இல்லாவிட்டால் போய்ச் சொல்லியிருப்பேன்.

அம்மா வந்தாள். நான் பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு, தாவணி போட்ட பிறகு வந்தாள். தாள் கிடைத்துவிட்டது, சிலோன்காரி ஆகிவிட்டாள், அதனால் ஒரு மாதம் தங்க அனுமதி வாங்கிக்கொண்டு வர முடிந்தது. லாஞ்சிலிருந்து இறங்கியவளை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுக்குத்தான் என்னைத் தெரியவில்லை, பெரியப்பா கையைக் காட்ட வேண்டியிருந்தது. கூட வந்த தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க நல்லாக் கதைக்கிறீங்க" என்றான். நான் சிரித்துவிட்டேன். என் வாயில் தூத்துக்குடிப் பேச்சுதான் வந்துகொண்டிருந்தது.

அந்த மாதத்தில் குடியரசு நாள் வந்தது. எங்கள் பள்ளியில் கொடியேற்றம். முன்னால் நின்று பாடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அம்மாவும் பெரியம்மாவும் பெற்றோர் பக்கத்தில் நின்றார்கள். நாங்கள் பாட ஆரம்பித்ததும் எல்லாரும் கூடப் பாடினார்கள். பெரியம்மாகூடத் தப்புத் தப்பாகப் பாடினாள். அம்மா நேராக நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை.

முடிந்ததும் என் பக்கத்தில் வந்தாள். இங்கேயே, விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்து, பருத்தி எடுத்து வளர்ந்து, அங்கிருந்தே கட்டிக்கொடுக்கப்பட்டவள் அவள். என் தோளில் கை வைத்து, "நல்லாப் பாடினே. இதுதான் ஒங்க பாட்டா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இதுதான் எங்க பாட்டு" என்றேன்.